வழியில் கரைந்த குரல்

குன்றத்தூர் என்றதும் தமிழ் படித்தவர்களுக்குச் சேக்கிழார் நினைவுக்கு வருவார். பெரியபுராணம் பாடத் தொடங்கியபோது தில்லையில் இறைவனே முதற்சொல்லை அசரீரியாக எடுத்துக் கொடுத்தான் என்பது மரபு. அசரீரி என்றால் உடல் இல்லாத குரல். அந்தக் குரல் கேட்க வேண்டியவருக்குக் குறைவின்றிக் கேட்டது. அவர் பிறந்த ஊரில் வாழும் எங்களுடைய குரலோ, 2015 டிசம்பர் முதல் நாள் இரவில், பத்துக் கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஒருவருக்குக் கேட்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவரைச் சுற்றிச் சென்ற முப்பது மீட்டர்க் கறுப்புக் கேபிளுக்குள்ளேயே அது கரைந்துவிட்டது. எழுத வேண்டும் என்று நினைத்து நெடுநாள் தள்ளிப்போட்ட செய்தி இது. தமிழ் சொல்லிக் கொடுப்பவர்களுக்குக் கேபிளில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம்.

‘நாங்கள்’ என்று இங்கே எழுதுவது மரியாதைப் பன்மை அன்று. உண்மையிலேயே இருவர். ஒருவர் இதை எழுதுகிற கல்லூரி விரிவுரையாளர். மற்றவர் அவருடைய மைத்துனர். ஒரகடம் பக்கத்து ஆலை ஒன்றில் மின்னணுப் பிரிவில் வேலை பார்ப்பவர். 2010இல் இருவரும் சேர்ந்தே தேர்வெழுதி அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றோம். ‘ஹாம் ரேடியோ’ என்று சொன்னால் பலருக்கும் எளிதில் புரியும். வணிக நோக்கம் இல்லாமல், உரிமம் பெற்று, சொந்தக் கருவியில் உலகத்தோடு பேசுகிற பொழுதுபோக்கு அது. பொழுதுபோக்கு என்ற சொல் போதாது என்பதை 2004 டிசம்பரில் நாடு கண்டது. ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத்தின் குழு அப்போது அந்தமானில் வானொலி நிலையம் அமைத்து உலகெங்கும் பேசிக்கொண்டிருந்தது. 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தது. மற்றத் தொடர்புகள் அறுந்த நிலையில், போர்ட் பிளேரிலிருந்து உயிரோடிருப்பவர்களின் செய்திகளை அந்தக் குழுவின் கருவிகள் சுமந்து சென்றன.

எங்கள் பகுதிக்கும் இதற்கும் உறவு உண்டு. இங்கிருந்து மேற்கே செல்லும் சாலை ஸ்ரீபெரும்புதூரில் முடிகிறது. 1991 மே 21ஆம் தேதி அங்கே உயிர் நீத்த ராஜீவ் காந்தி ஓர் அமெச்சூர் வானொலியாளர். வி.யு.2 ஆர்.ஜி. என்பது அவருடைய அழைப்புக்குறி. இன்னும் பின்னே போனால், அரசு வானொலி என்ற ஒன்று வருவதற்கு முன்பே, 1924இல், சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முதலான ஆர்வலர்கள் சென்னையில் மாகாண வானொலிச் சங்கம் அமைத்து ஒலிபரப்பியிருக்கிறார்கள். இந்த வரலாற்றையெல்லாம் பெருமையாகப் பேசிக்கொண்டுதான் நாங்களும் ரிச்சி தெருவுக்குப் போனோம். பழைய கருவி ஒன்றும், முப்பது மீட்டர் கேபிளும் வாங்கி வந்தோம்.

கேபிள் என்பது வேறொன்றுமில்லை. தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் எல்லார் வீட்டிலும் தொங்குகிறதே, அதே குலம். நடுவில் ஒரு செம்புக் கம்பி. அதைச் சுற்றி வெண்ணிறப் பிளாஸ்டிக். அதற்கு மேல் கூந்தலைப் பின்னியது போலச் செம்பு வலை. அதற்கும் மேல் கறுப்புத் தோல். கம்பியும் வலையும் ஒரே அச்சைச் சுற்றி அமைவதால் கோஆக்சியல் என்று பெயர். 1880இல் இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைடு இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய வடிவத்துக்கு 1929இல் அமெரிக்காவில் எஸ்பென்ஷீடும் அஃபெல்லும் விண்ணப்பித்தார்கள். அறையில் இருக்கும் கருவியையும் மொட்டைமாடியில் நிற்கும் ஆன்டெனாவையும் இணைப்பது இதன் வேலை. நாங்கள் வாங்கியது ஆர்.ஜி.58 என்ற மெலிந்த வகை. விலை குறைவு, வளைப்பதும் எளிது. பதினெட்டு மீட்டர் போதும் என்று அளந்திருந்தும் முப்பதாக வாங்கினோம். ‘மிச்சம் இருந்தால் பிறகு உதவும்’ என்ற குடும்பஸ்தர் புத்தி. எஞ்சிய பன்னிரண்டு மீட்டரை வெட்டாமல் சுருட்டி மேசைக்கு அடியில் வைத்தோம். அதன் வழியாகவும் எங்கள் குரல் நடந்துதான் மாடிக்குப் போக வேண்டியிருந்தது.

எந்தக் கேபிளும் சுங்கச்சாவடிதான், வாங்காமல் விடாது. செம்பின் மின்தடை கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இரண்டும் வெப்பமாகிப் போகும். அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பிலேயே ஒதுங்கி ஓடுவதால் தடை கூடுகிறது. இழப்பை டெசிபல் என்ற அளவால் சொல்வார்கள். 3 டெசிபல் இழந்தால் பாதி மிஞ்சும். 6 இழந்தால் கால். 10 இழந்தால் பத்தில் ஒன்று. முப்பது மீட்டர் ஆர்.ஜி.58, 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு டெசிபலுக்குச் சற்று மேல் மட்டுமே தின்னும். அதே கேபிள் 145 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 6 டெசிபல் தின்றுவிடும். உள்ளூரில் பேச நாங்கள் பயன்படுத்தியது இந்த இரண்டாவது அலைவரிசையைத்தான். கருவி பத்து வாட் கொடுத்தது. கேபிள் புத்தம் புதிதாக இருந்த நாளிலேயே ஆன்டெனாவைச் சேர்ந்தது இரண்டரை வாட். கையேட்டில் இந்த அட்டவணை அச்சாகியிருந்தது. தேர்வுக்காக அதை மனப்பாடமும் செய்திருந்தோம்.

அட்டவணையை மறக்கச் செய்தது ஒரு முள். கருவிக்குப் பக்கத்தில் நிலையலை விகிதம் காட்டும் மீட்டர் ஒன்று வைத்திருந்தோம். நாம் அனுப்பும் ஆற்றலை ஆன்டெனா முழுதாக ஏற்றுக்கொள்ளாவிட்டால் ஒரு பகுதி கேபிள் வழியே திரும்பி வரும். திரும்புவது எவ்வளவு என்பதை அந்த முள் சொல்லும். 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 3 என்றால் கால் பங்கு திரும்புகிறது. நாங்களே செய்து நிறுத்திய ஆன்டெனாவுக்கு முதல் ஆண்டு மீட்டர் 1.3 காட்டியது. மூன்றாம் ஆண்டு 1.2. ஐந்தாம் ஆண்டு 1.1. பழக்கத்தில் மெருகேறும் நாதஸ்வரம் போல எங்கள் ஆன்டெனாவும் ஆண்டுக்கு ஆண்டு மெருகேறுவதாக நம்பினோம். வந்தவர்களுக்கெல்லாம் முள்ளைக் காட்டினோம்.

மைத்துனரின் அக்கா, அதாவது வீட்டுத் தலைவி, துணி காயப்போடும் கயிற்றுக்கு இடமில்லாமல் போன கோபத்தோடு ஒருநாள் கேட்டார்: “இங்க இருக்கற முள்ளைப் பாத்து அங்க போய்ச் சேந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?” உரிமம் பெற்ற இருவரும் சிரித்தோம்.

2015 நவம்பரிலேயே ஏரிகள் நிரம்பியிருந்தன. டிசம்பர் முதல் நாள் காலையில் தொடங்கிய மழை விடவில்லை. மறுநாள் காலை வரையிலான இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. என்று பிறகு செய்தி வந்தது. செம்பரம்பாக்கம் எங்கள் ஊரை ஒட்டிய ஏரி. அன்றிரவு அதிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. மின்சாரம் மாலையிலேயே போயிற்று. இரவு ஏற ஏறக் கைபேசிகளும் ஒவ்வொன்றாக ஊமையாயின. 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை கைபேசி செய்து உலகெங்கும் அனுப்பிய நிலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தோம். ஆனால் பக்கத்துத் தெருவுக்குக் கூடப் பேச முடியவில்லை.

நாங்கள் கார் பேட்டரியில் கருவியை இணைத்து உட்கார்ந்தோம். முடிச்சூர்ப் பக்கம் எங்கள் நண்பர் ஒருவர் இருந்தார். தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2013 ஜூலையில் தந்திச் சேவையே நாட்டில் நின்றபோது வீட்டில் துக்கம் விழுந்தது போல இருந்தவர். அவருடைய வானொலி காரில் பொருத்தியது. ஆற்றல் இருபத்தைந்து வாட். கேபிள் நான்கு மீட்டர். அதனால் அவர் குரல் இரைச்சலோடு என்றாலும் எங்களுக்குக் கேட்டது.

“சார், வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு. அப்பாவக் கார்ல ஏத்திட்டேன். குன்றத்தூர் மேடுதானே, உங்க வீட்டுக்கு வந்துடலாமான்னு பாக்கறேன். வழி எப்படி இருக்கு?”

அவருடைய அப்பாவுக்கு எண்பத்தைந்து வயது. வழி எப்படி இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு முன் மைத்துனர் ஆலையிலிருந்து இடுப்பளவு நீரில் நடந்து வந்திருந்தார். உபரிநீர்க் கால்வாய் சாலைமேல் ஏறிவிட்டது, வண்டி எதுவும் வராது என்று அவர் கண்ணால் கண்டு வந்திருந்தார். “வராதீங்க, இந்தப் பக்கம் வராதீங்க, தாம்பரம் பக்கம் போயிடுங்க” என்று இருவரும் மாறி மாறிக் கத்தினோம். முள்ளைப் பார்த்தோம். 1.1. எல்லாம் சரியாக இருந்தது.

“யாராவது இருக்கீங்களா? வழி எப்படி இருக்கு?” என்று அவர் மீண்டும் கேட்டார். மீண்டும் சொன்னோம். ஏழெட்டு முறை இப்படி. கடைசியில் “சரி, கெளம்பறேன்” என்றார். அதற்குப் பிறகு இரைச்சல் மட்டும்தான்.

வழியில் நீர் காரை நிறுத்திவிட்டது. தந்தையும் மகனும் கார் கூரைமேல் சில மணி நேரம் நனைந்துகொண்டிருந்து, விடியும் வேளையில் யாரோ இளைஞர்கள் கட்டிய கயிற்றைப் பிடித்து ஒரு கல்யாண மண்டபத்தில் ஏறினார்கள். இருவரும் பிழைத்தார்கள். ஆனால் பெரியவருக்குச் சளியும் காய்ச்சலும் பிடித்தன. பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு காலமானார். அந்த இரவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று நண்பர் ஒருபோதும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தோம். எல்லாரும் போன பிறகு, “அன்னிக்கு நீங்க பேசவே இல்லையே சார்?” என்றார். பேசினோம் என்றோம். என்ன பேசினோம் என்றும் சொன்னோம். அவர் சற்று நேரம் தரையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “யாரோ விசைய அழுத்தறது தெரிஞ்சுது. இரைச்சல் கொஞ்சம் அடங்கும், திரும்ப எழும்பும். பேச்சு வரல. வெறும் விசையாலயே தட்டியிருந்தா நான் படிச்சிருப்பேன் சார். நோ-ன்னு தட்டியிருந்தாக்கூடப் போதும்.”

இதை அன்பர்களுக்கு விளக்க வேண்டும். பண்பலை முறையில் குறிப்பிட்ட வலிமைக்குக் கீழே போனால் பேச்சு படிப்படியாக மங்குவதில்லை, திடீரென்று அறுந்துவிடும். ஆனால் அந்த எல்லைக்குக் கீழும் அலை ஒன்று வந்து போவது தேர்ந்த காதுக்குத் தெரியும். பேசும் விசையை நீளமாகவும் குறுக்கமாகவும் அழுத்தினால் அதுவே தந்தி. ‘நோ’ என்பதற்கு ஒரு கோடு, ஒரு புள்ளி, பிறகு மூன்று கோடு. முப்பது ஆண்டு தந்தி கேட்ட காது எதிர்முனையில் காத்திருந்தது. மோர்ஸ் குறிகளைத் தேர்வுக்காக நாங்களும் படித்திருந்தோம். எங்கள் சொல் போய்ச் சேர்கிறது என்று முள் காட்டியதால், வேறு வழி தேட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் ஏறி, ஆன்டெனாப் பக்கத்து முனையை வெட்டினோம். கேபிளிலிருந்து நீர் சொட்டியது. செம்பு வலை விளக்குத் திரி போல ஐந்து ஆண்டு மழையை உறிஞ்சி, பொன்னிறம் போய்க் கரிபிடித்திருந்தது. இணைப்பியின் மேல் நாங்கள் சுற்றியிருந்தது சாதாரண மின்நாடா; வெயிலில் அது பிசின் விட்டுப் பிரிந்திருந்தது. வாட் மீட்டரை முதன்முறையாக மாடிக்குக் கொண்டுபோய், 50 ஓம் சுமையோடு அந்த முனையில் பொருத்தினோம். கீழே மைத்துனர் விசையை அழுத்தினார். பத்து வாட் அனுப்பிய இடத்தில் மேலே வந்து சேர்ந்தது முக்கால் வாட்டுக்கும் குறைவு.

அப்படியானால் முள் ஏன் ஆண்டுக்கு ஆண்டு நல்லதாகக் காட்டியது? விடை எளிது. எங்கள் ஆன்டெனா முதல் நாளிலிருந்தே பொருந்தாதது. அதன் உண்மை விகிதம் 3. கால் பங்கைத் திருப்பி அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் போகும் வழியில் 6 டெசிபல், திரும்பும் வழியில் 6 டெசிபல் என்று கேபிள் இரு முறையும் சுங்கம் வாங்கியதால், கீழே வந்து சேர்ந்த மறுப்பு மிகச் சிறியதாகிவிட்டது. அதனால் 3 என்பது 1.3 ஆகத் தெரிந்தது. கேபிள் கெடக் கெட மறுப்பு இன்னும் தேய்ந்தது. ஒருவழி இழப்பு 10 டெசிபல் ஆனபோது 1.1 ஆயிற்று. அந்தப் புதிய கேபிளோடேயே ஆன்டெனாவை அடியோடு கழற்றிப் போட்டிருந்தாலும் முள் 1.7க்கு மேல் காட்டியிருக்காது. முள் பொய் சொல்லவில்லை. எவ்வளவு திரும்பி வருகிறது என்று கேட்டோம். கொஞ்சம்தான் வருகிறது என்றது. எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அதை யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்டவர் துணிக்கயிற்றுக்கு இடம் தேடிய ஒருவர்தான்.

அன்று மாடியிலிருந்து இறங்கியபோது இதை எழுதுபவருக்கு வேறொரு கவலையும் பிடித்துக்கொண்டது. எங்கள் கல்லூரி மாணவர்களில் பலர் இந்தத் தொழிற்பட்டையின் ஆலைகளில் இரவு முறை வேலை பார்த்துவிட்டுக் காலையில் வகுப்புக்கு வருகிறவர்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல வகுப்பில் எதிர்க்கேள்வி குறைந்து வந்தது. பாடம் நடத்தும் திறம் கூடிவிட்டதாக அதற்குப் பொருள் கொண்டிருந்தோம். எதுவும் திரும்பி வராத வகுப்பு 1.1 காட்டும் முள் அல்லவா? மறுவாரம் ஒரு பாடலை நடத்திவிட்டு, புரிந்ததை ஒரு வரியில் எழுதித் தரச் சொன்னோம். நாற்பது தாளில் முப்பதுக்கு மேல் வெறுமையாக வந்தன. ஒரு தாளில் மட்டும், ‘ஐயா, நீங்கள் பேசுவது கேட்கிறது, கண் இழுக்கிறது’ என்று இருந்தது. அன்று முதல் முதல் பாடவேளையில் புதிய பாடம் நடத்துவதில்லை. அது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. நண்பருக்குச் செய்யத் தவறியதை வேறு எங்காவது செய்ய முடியுமா என்ற தவிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

கேபிளையும் மாற்றினோம். கருவியை மாடிப்படி முடியும் சிற்றறைக்கு ஏற்றினோம். கேபிள் பன்னிரண்டு மீட்டராகக் குறைந்தது. மெலிந்ததை விட்டு, சுட்டுவிரல் பருமன் உள்ள ஆர்.ஜி.213 வாங்கினோம், மிச்சம் வைக்காமல் அளந்து வெட்டினோம். இணைப்பியின் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றி, அதற்கு மேல்தான் மின்நாடா. சுவருக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு வளைவு தாழ விட்டோம்; மழைநீர் அங்கே சொட்டிப் போய்விடும். ஆன்டெனாவையும் அதன் காலடியிலேயே அளந்து திருத்தினோம். இப்போது பத்து வாட்டில் ஏறக்குறைய எட்டு வாட் போய்ச் சேர்கிறது. விந்தை என்னவென்றால் கீழே முள் 1.4 காட்டுகிறது, பழையதைவிட மோசம். பார்க்க நிம்மதியாக இருக்கிறது. ஒவ்வோர் ஐப்பசிக்கும் முன்பு மாடிமுனையில் மீட்டர் வைத்து அளக்கிறோம். அளவைக் குறிப்பேட்டில் எழுதுவது வீட்டுத் தலைவி. துணிக்கயிற்றுக்கும் இடம் கிடைத்துவிட்டது.

நண்பர் எங்களோடு பேசுவதை நிறுத்தவில்லை. அதுவே எங்களுக்குப் பெரிய செய்தி. ஞாயிறு காலை ஏழு மணிக்கு அழைக்கிறார். தந்தி அலுவலகத்தில் எதிர்முனை ‘ஆர்’ என்று தட்டும் வரை செய்தி போனதாகக் கணக்கில்லை என்பார். அந்த வழக்கத்தை எங்களுக்கும் பழக்கிவிட்டார். நாங்கள் சொன்னதை அவர் திருப்பிச் சொல்வார்; அவர் சொன்னதை நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். பேச்சு முடிந்ததும் ஒரு பயிற்சி உண்டு. ஒலிவாங்கியைத் தள்ளி வைத்துவிட்டு, விசையால் மட்டும் ஒரு சொல்லைத் தட்டச் சொல்வார். என்ன சொல் என்று அவர் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. ஒரு கோடு, ஒரு புள்ளி. சற்று இடைவெளி. மூன்று கோடு. தட்டிவிட்டுக் காத்திருப்போம். சில நொடி கழித்து அங்கிருந்து ‘ஆர்’ வரும்.